தேய்ந்த நூலை மீண்டும் வாங்குங்கள்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும், கிளை நூலகர்களுக்கும் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் ஒரு சிற்றூர்க் கிளை நூலகத்தின் உறுப்பினன். நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். பதினோராண்டுகளாக எங்கள் நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் வாசகர் வட்டத்தில் ஒருவனாக இருந்து வருகிறேன். எப்படி வாழ்வது என்பதைப் பற்றிப் பேசும் நூல்களை, அதாவது அறநூல்கள், மெய்யியல் நூல்கள், தன்னம்பிக்கை நூல்கள் என்று நீங்கள் வெவ்வேறு பெயரிட்டு வாங்கும் நூல்களை, எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்க வேண்டும், எப்படிப் பேண வேண்டும் என்பது குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். வேண்டுகோள் சிறியது: இவ்வகை நூல் ஒன்று பலர் கைபட்டுக் கிழிந்துபோனால், அதைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதோடு நிறுத்திவிடாமல், அதே நூலை மீண்டும் வாங்குங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதைச் சொல்லச் சற்று இடம் வேண்டும். பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது நான் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. வேலையை இழந்தவன் பகலில் வீட்டில் இருப்பது எவ்வளவு கடினம் என்பது இழந்தவர்களுக்குத்தான் தெரியும். தெருவில் யாராவது "இன்றைக்கு விடுமுறையா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில், காலையில் வேலைக்குப் போகும் அதே நேரத்தில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நூலகத்தில் போய் உட்காருவேன். முதல் மூன்று வாரம் நாளிதழ் மட்டும்தான் படித்தேன். படித்தேன் என்பதைவிட முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே சரி. அப்போது அங்கிருந்த நூலகர் அம்மையார் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒருநாள் உள் அறையின் கடைசி அடுக்கைக் காட்டி, "அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் ஐயா, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த அடுக்கில் என் கைக்கு வந்தது ஒரு மெலிந்த நூல். அட்டை போய்விட்டது, பழுப்புத் தாளில் கையால் தைத்திருந்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளை தமிழாக்கிய 'மனம் போல வாழ்வு'. கப்பல் ஓட்டியவர் என்றுதான் அவரை அதுவரை அறிந்திருந்தேன். நூலின் பின்புறம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் இடமில்லாமல், அதன் மேல் இன்னொரு சீட்டும், அதன் மேல் மற்றொன்றும் ஒட்டப்பட்டிருந்தன. மேல் சீட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஊதா மையில் மங்கிய தேதிகள், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்துத் தேதிகள் கூட இருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் ஒருவர் இருந்திருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலச் சட்டை மாட்டிக்கொண்டு எங்கும் போக இடமில்லாமல் வந்தவர்களோ என்று எண்ணியபோது, பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக எனக்குத் துணை இருப்பதாகத் தோன்றியது. நூலைப் படிக்கத் தொடங்கும் முன்பே அந்தச் சீட்டு எனக்கு ஆறுதல் தந்துவிட்டது.

அந்த நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் வரலாறே என் வேண்டுகோளின் ஒரு பகுதி. மூல ஆசிரியர் ஜேம்ஸ் ஆலன் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1864இல் பிறந்தவர். வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே கொல்லப்பட்டதால் பதினைந்து வயதில் படிப்பை விட்டு ஆலை வேலைக்குப் போனவர். அவருடைய சிறுநூல் 1903இல் வெளிவந்தது. அதைத் தமிழாக்கிய வ. உ. சி.க்கு 1908இல் விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைக்கப்பட்ட அந்த மனிதர், சிறைவாசக் காலத்திலேயே இந்த நூலைத் தமிழில் தந்தார். பிறகு ஆலனின் வேறு நூல்களையும் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று மொழிபெயர்த்தார். அதோடு நிற்காமல், கண்ணனூர்ச் சிறையில் இருந்தபோது 'மெய்யறம்' என்ற அறநூலைத் தாமே இயற்றினார். திருக்குறளை முன்மாதிரியாகக் கொண்டு 125 அதிகாரங்களில் எழுதப்பட்ட அந்நூல் மாணவ வாழ்வில் தொடங்கி, இல்வாழ்வு, அரசியல் என்று வளர்ந்து மெய்யியலில் முடிகிறது. தன்னைத் திருத்திக்கொள்வது, நாட்டைத் திருத்துவது, மெய்ப்பொருளை அறிவது ஆகிய மூன்றும் அவருக்கு ஒரே வேலையின் மூன்று கட்டங்களாக இருந்திருக்கின்றன.

அவர் மட்டும் அப்படி இல்லை. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளை 'ஆத்ம சிந்தனை' என்று தமிழில் தந்தவர் ராஜாஜி. பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையான வெ. சாமிநாத சர்மா, இரங்கூனில் இதழ் நடத்தி, 1942இல் போரின் நடுவே நடந்தே தாயகம் திரும்பியவர். மு. வரதராசன் அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் கடிதங்களாகவே வாழ்க்கை நெறி சொன்னார். பின்னாளில் எம். எஸ். உதயமூர்த்தி இளைஞர்களிடம் உழைப்பையும் எண்ணங்களின் வலிமையையும் பற்றிப் பேசியபோதும், ஊருக்கு உழைப்பது அந்தப் பேச்சிலிருந்து பிரியாமல் இருந்தது. தமிழில் 'வாழ்வாங்கு வாழ்தல்' பற்றிய நூல்களின் மரபு இது: அறத்தோடும் பொதுவாழ்வோடும் ஒட்டிப் பிறந்தது.

இன்று 'சுயமுன்னேற்றம்' என்று பலகை மாட்டப்பட்ட அடுக்குகளில் நான் காண்பது வேறாக இருக்கிறது. முப்பது நாளில் வெற்றி, நாற்பது வயதுக்குள் கோடி, பிறரை வசப்படுத்தும் வழிகள் என்று ஒன்றின் முதுகில் ஒன்றாக நிற்கின்றன. இவற்றுள் நல்ல நூல்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூச்சத்தால் வாய் திறக்காதிருந்த ஓர் இளைஞன் பேச்சுக்கலை நூல் ஒன்றைப் படித்து நேர்முகத் தேர்வில் வென்றதை நேரில் கண்டவன் நான். ஆனால் பெரும்பாலானவற்றின் தேதிச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள். வாங்கிய ஆண்டில் நான்கைந்து தேதிகள் நெருக்கமாக இருக்கும். பிறகு ஒன்றும் இருக்காது. ஒருமுறை படித்தவர் மறுமுறை கேட்பதில்லை, படித்தவர் சொல்லி இன்னொருவர் வருவதும் இல்லை. அந்நூல்கள் புத்தம் புதிதாகவே மூப்படைகின்றன. கைபட்டுக் கைபட்டுத் தைப்பு விட்ட நூல்களோ கழிவாகின்றன. நூலகத்தின் இடத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்: படிக்கப்படாதவர்கள்.

'மனம் போல வாழ்வு'க்கும் அதுதான் நேர்ந்தது. நான் அதை ஐந்து முறை இரவல் எடுத்தேன். ஆறாம் முறை தேடியபோது இல்லை. ஆண்டுக் கணக்கெடுப்பில் 'சிதைந்தது' என்று குறித்துக் கழித்துவிட்டார்கள் என்று புதிதாக வந்திருந்த நூலகர் சொன்னார். அவர் விதிப்படி நடந்தவர். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மீண்டும் வாங்க முடியுமா என்று கேட்டேன். புதிய நூல்களுக்கான பட்டியலில் பழைய நூல் வராது என்றார். அதுவும் உண்மையே. அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குள் எழுந்த கேள்வியை இத்தனை ஆண்டுகள் கழித்து உங்கள் முன் வைக்கிறேன்: ஒரு நூல் சிதைந்ததற்குக் காரணம் வாசிப்பு என்றால், அந்தச் சிதைவைவிடப் பெரிய பரிந்துரைக் கடிதம் வேறு எது?

சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்து, உலகுக்கே நூலகவியலைக் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. நீங்கள் அவற்றைப் பாடமாகவே படித்தவர்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுவார். சங்கிலியை நாம் அறுத்துவிட்டோம். பயன்பட்டுத் தேய்ந்த நூலுக்கு மாற்று வாங்காவிட்டால், அந்நூலை இனி வரும் வாசகருக்கு எட்டாதபடி செய்வதில் சங்கிலிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு இருக்கிறது? நூலகம் வளரும் உயிரி என்பது அவருடைய ஐந்தாம் விதி. உயிருள்ளது தேய்ந்த செல்லைப் புதுப்பித்துக்கொண்டே வளர்கிறது. புதியன சேர்ப்பதை மட்டும் வளர்ச்சி என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

மற்றத் துறை நூல்களுக்கு இந்த வாதம் இவ்வளவு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணினி நூல் பழையதானால் அதைக் கழித்துப் புதியது வாங்குவதுதான் முறை. போட்டித் தேர்வு வழிகாட்டியும் அப்படியே. வாழ்வைப் பற்றிய நூலோ தகவலுக்காகப் படிக்கப்படுவதில்லை. அதில் உள்ள செய்தி பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்ததுதான்: சினம் தீது, பொறாமை நம்மையே தின்னும், நாள் போனால் வராது. தெரிந்ததை நம் நடையில் இறக்கிக்கொள்வதற்காகவே மீண்டும் மீண்டும் படிக்கிறோம். நட்பைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர், பழகப் பழக இனிக்கும் நல்லவர் தொடர்புக்கு உவமை தேடியபோது, படிக்கப் படிக்க இனிக்கும் நூலைத்தான் எடுத்தார். அவர் 'நவில்தொறும்' என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒருமுறை படித்து மூடிவைக்கும் நூல் அவருக்கு உவமையாகவே தோன்றியிருக்காது. கல்விக்குக் கரையில்லை, கற்பவர் நாளோ சில, அதிலும் பிணிகள் பல, ஆகவே பாலை மட்டும் உண்ணும் பறவைபோலத் தேர்ந்து கற்க வேண்டும் என்று நாலடியார் சொல்வதும் உங்களைப் போன்ற தேர்வுக் குழுவினருக்கே சொன்னதுபோல் இருக்கிறது. ரோமில் வாழ்ந்த மெய்யியலாளர் செனெகா தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய கடிதங்கள் 124 கிடைத்திருக்கின்றன. அவற்றில் இரண்டாம் கடிதத்திலேயே, நூல்விட்டு நூல் தாவுகிறவன் எங்கும் தங்குவதில்லை, அடிக்கடி பிடுங்கி நடப்படும் செடி வேர் பிடிப்பதில்லை என்று எச்சரிக்கிறார். நாற்றங்காலை அறிந்த நம்மவர்க்கு அதற்கு உரை வேண்டியதில்லை.

என் வேண்டுகோளின் இரண்டாம் பகுதியை ஒரு ஞாயிறு மாலையில் நடந்ததைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

எங்கள் வட்டத்தில் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆட்டோ ஓட்டும் ஒருவர், காலையில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அக்கா, அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று பத்துப் பேருக்குள்தான் இருப்போம். கழிக்கப்பட்ட அந்நூலின் வேறொரு படி பழைய புத்தகக் கடையில் கிடைத்தபோது, அதையே வட்டத்தில் வாரம் ஒரு பக்கம் என்று படித்தோம். ஆசிரியர் படிப்பார், நிறுத்துவார், பேசுவோம். மனிதனின் சூழல் அவனுடைய எண்ணங்களின் விளைவு என்னும் இடம் வந்தது. அதுவரை ஒருநாளும் வாய் திறவாத அந்த அக்கா, "அப்படியானால் என் பிள்ளை செத்தது என் எண்ணத்தாலா, ஐயா?" என்று கேட்டார். அவருடைய மூத்த மகன் சாலை விபத்தில் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஆசிரியர் நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு அந்த நூலில் விடை இல்லை என்பதை நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எனக்கு உயிர் தந்த நூல் என்பதற்காக அதன் குறையை மறைப்பது நன்றியாகாது. எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்ற கருத்தை அதன் எல்லை வரை இழுத்துக்கொண்டு போனால், நோயாளியும் ஏழையும் மகனை இழந்த தாயும் தங்கள் துன்பத்துக்குத் தாங்களே பொறுப்பு என்றாகிவிடும். இன்றைய வெற்றி நூல்களில் பல அந்தக் கொடுமையைச் சிரித்த முகத்தோடு செய்கின்றன. செக்கிழுத்துக்கொண்டே இதை மொழிபெயர்த்தவர் தம் சிறைவாசத்துக்குத் தம் எண்ணம்தான் காரணம் என்று ஆங்கிலேய அரசை மன்னித்துவிடவில்லை; தன் மனத்தைத் தன் ஆளுகையில் வைத்திருப்பதற்கும் அநீதியை அநீதி என்று சொல்வதற்கும் இடையே அவருக்கு முரண் தோன்றவில்லை. அந்த நிதானம் நூலின் சொற்களில் இல்லை. அது அவருக்குத் திருக்குறளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னாளில் அவர் குறளுக்கு உரையே எழுதினார்.

அடுத்த ஞாயிறு ஆசிரியர் திருக்குறளோடு வந்தார். ஊழைவிட வலியது எது என்று கேட்கும் குறளைப் படித்தார். பிறகு 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தைத் திருப்பி, சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வார் என்னும் குறளைப் படித்தார். "இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறார் அம்மா. ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான்" என்றார். அதற்கும் அடுத்த வாரம் கிரேக்க மெய்யியலாளர் எபிக்டீட்டஸின் கைந்நூலின் முதல் பகுதியைப் படித்தோம். அடிமையாக வாழ்ந்தவர் அவர். தாமாக எதையும் எழுதவில்லை, மாணவர் அர்ரியன் எழுதி வைத்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. நம் வசம் உள்ளவை சில, நம் வசம் இல்லாதவை சில என்று அது தொடங்குகிறது. நம் எண்ணம், முயற்சி, விருப்பு வெறுப்பு நம் வசம். உடலும் உடைமையும் பேரும் பதவியும் நம் வசம் இல்லை. அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இதை எனக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் ஒருத்தி தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள்.

இந்த மூன்று நூல்களும் எங்கள் நூலகத்தில் எங்கே நிற்க வேண்டியவை என்று பாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயியின் தசமப் பகுப்பில் தன்முன்னேற்றம் 158ஆம் எண்ணில் உளவியலின் கீழ் வரும். எபிக்டீட்டஸ் 188ஆம் எண்ணில் பண்டைய மெய்யியலில் நிற்பார். திருக்குறளோ 894ஆம் எண்ணைத் தாண்டித் தமிழ் இலக்கியத்தில், கூடத்தின் மறுகோடியில் இருக்கும். துயரத்தோடு வரும் ஒருவர் 'சுயமுன்னேற்றம்' என்ற பலகையைப் பார்த்து அங்கே போவார். 'தத்துவம்' என்ற பலகை தமக்கில்லை, அது படித்தவர்களுக்கு என்று எண்ணி விலகுவார். குறள் தேர்வுக்குப் படிப்பது என்று நினைத்திருப்பார். பாதி விடையோடு திரும்புவார். பகுப்பு எண்களை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பகுப்பின் அருமை எனக்கும் தெரியும். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் அடுக்கை மட்டும், 'வாழ்வியல்' என்றோ 'வாழ்வாங்கு வாழ' என்றோ பெயரிட்டு, இந்த மூவகை நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம். குறளின் ஓர் எளிய உரையும், நாலடியாரும், தம்மபதத்தின் தமிழாக்கமும், மார்க்கஸ் அரேலியஸும், வ. உ. சி.யின் நூல்களும், இன்றைய நல்ல உளவியல் நூல்கள் சிலவும் சேர்த்து ஐம்பது நூல்கள் போதும். ஐந்நூறு வேண்டாம். அந்த ஐம்பதும் என்றும் அங்கே இருக்கும் என்ற உறுதி வேண்டும்.

நூலின் தடிமனைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகையில் சிறந்த நூல்கள் பெரும்பாலும் மெலிந்தவை. எபிக்டீட்டஸின் கைந்நூலை ஒரு மாலையில் படித்துவிடலாம். பக்கத்தை எண்ணி விலை வைக்கும் வழக்கில் பதிப்பாளருக்குத் தடித்த நூலே ஆதாயம். அதனால் நாற்பது பக்கத்தில் சொல்ல வேண்டியது இருநூறு பக்கமாக ஊதுகிறது. மெலிந்த நூலை இரண்டு மூன்று படிகளாக வாங்குங்கள். வட்டமாகச் சேர்ந்து படிப்பவர்களுக்கு அது பேருதவி.

மொழிபெயர்ப்பில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அண்மையில் நான் எடுத்த ஒரு தன்னம்பிக்கை நூலில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடிக் களைத்தேன்; மொழிபெயர்த்தவர் பெயரே நூலில் இல்லை. துன்பத்தில் இருப்பவர் ஒரு வரியை மூன்று முறை படித்தும் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பின் மீது பழி போட மாட்டார். தமக்கு அறிவு போதாது என்றுதான் முடிவு செய்வார். நம்பிக்கை தேடி வந்தவருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அங்கே போய்விடும். மொழிபெயர்ப்பாளர் பெயரும் மூல நூலின் பெயரும் அச்சிடப்படாத நூலை நீங்கள் ஏற்கக் கூடாது. தேர்வுக்கு வரும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலிருந்தும் நடுவில் ஒரு பக்கத்தைக் குழுவில் ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும், காது சொல்லிவிடும். அதே வேளையில், பழைய நல்ல மொழிபெயர்ப்புகளின் நடை இன்றைய இளைஞருக்குக் கடினமாக இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். வ. உ. சி. 1936இல் மறைந்தார், அவருடைய எழுத்துகளின் காப்புரிமைக் காலம் முடிந்து நெடுங்காலம் ஆகிறது. சந்தி பிரித்து, அருஞ்சொற்களுக்கு அடிக்குறிப்புத் தந்து, கையில் அடங்கும் அளவில், நன்றாகத் தைத்த ஒரு பதிப்பைக் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

'சுயமுன்னேற்றம்' என்ற சொல்லே எனக்குச் சற்று உறுத்துகிறது. இவ்வகை நூல்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்தவர் என்று கருதப்படும் சாமுவேல் ஸ்மைல்ஸ், லீட்ஸ் நகரில் தாங்களாகவே கூடி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட உழைக்கும் இளைஞர்களுக்கு ஆற்றிய உரைகளிலிருந்தே 1859இல் தம் நூலை ஆக்கினார். தலைப்பைக் கண்டு பலர் அது தன்னலத்தைப் போற்றும் நூல் என்று எண்ணிவிட்டதாக அவரே பிந்தைய பதிப்பின் முன்னுரையில் வருந்தி எழுதினார். அந்த இளைஞர்கள் தனியே படித்தவர்கள் இல்லை. இரவில் கூடி, இருந்த இடத்தில், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இங்கும் அதற்கு அமைப்பு முன்பே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம். அதன் பயனாக நாங்கள் ஒவ்வொருவரும் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. பல இடங்களில் அது நவம்பரில் தேசிய நூலக வாரத்தின்போது மட்டும் கூடுகிறது. மாலை, பொன்னாடை, குழுப்படம், பிறகு அடுத்த நவம்பர். அந்த வட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு நூலைக் கொடுத்து, அதன் ஐந்தாறு படிகளையும் கொடுத்து, வாரம் ஒருமுறை ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பேச்சாளர் வேண்டாம், செலவும் இல்லை. ஐந்து நாற்காலியும் ஒரு மின்விசிறியும் போதும். தனியே படித்திருந்தால் அந்த அக்காவின் கேள்வி அவருக்குள்ளேயே கிடந்து அவரை அரித்திருக்கும். கேட்க ஆள் இருந்ததால்தான் அது கேள்வியாக வெளியே வந்தது.

ஒரு கவலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டித் தேர்வுப் பிரிவில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள், முடிவு வெளியான மறுநாள் அந்த மேசைக்கு வருவதில்லை. சிலர் இரண்டு மூன்று நாள் கழித்து வந்து, வாழ்வைப் பற்றிய நூல்கள் இருக்கும் அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். எதையும் எடுக்க மாட்டார்கள். அவர்களிடம் நூலை நீட்டுவது நல்லது, ஆனால் நூல் மருத்துவர் ஆகாது. தூக்கம் போய், உணவு போய், வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவரை நல்ல நூல் காப்பாற்றிவிடும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. அந்த அடுக்கின் பக்கவாட்டில், கண்ணில் படும் உயரத்தில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். நாங்கள் எங்கள் நூலகத்தில் நூலகரின் இசைவோடு ஒட்டியிருக்கிறோம். யார் பார்க்கிறார்கள், யார் அழைக்கிறார்கள் என்று நாங்கள் கவனிப்பதில்லை. ஆனால் அந்தத் தாளின் கீழ் விளிம்பில் வரிசையாக வெட்டி வைத்த எண்ணெழுதிய துண்டுகள் அவ்வப்போது குறைகின்றன. மீண்டும் வெட்டி வைக்கிறோம்.

இவற்றையெல்லாம் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது என்று அறிவேன். ஐம்பது நூல் பட்டியலை வகுக்கக் காலம் ஆகும். அதில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று உங்களுக்குள் வாதம் வரும், வர வேண்டும். ஆனால் கழிவுப் பட்டியலைப் பார்ப்பது உடனே செய்யக் கூடியது. இவ்வாண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிளை நூலகரும் சிதைந்தவை என்று குறிக்கும் நூல்களின் தேதிச் சீட்டைப் புரட்டி, எவை கவனிப்பின்றிக் கறையான் அரித்துச் சிதைந்தவை, எவை வாசகர் கைபட்டுச் சிதைந்தவை என்று இரண்டாகப் பிரித்து எழுதட்டும். இரண்டாம் வகையின் பட்டியலை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பட்டும். மாவட்டந்தோறும் வரும் அந்தப் பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், தமிழ் மக்கள் தங்கள் வாழ்வுக்குத் துணையாக எந்த நூல்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது உங்கள் மேசைமேல் வந்து சேரும். அந்நூல்களைப் புதிய பட்டியலில் முதலில் எழுதுங்கள். அவை பழைய நூல்களாக இருப்பதால் விதி இடம் தராது என்றால், அந்த ஒரு விதியைத் திருத்துங்கள்.

இன்னொன்று. கழிக்கப்பட்ட நூல்களை எடைக்குப் போடும் முன் அந்த நூலகர் என்னை அழைத்து, 'மனம் போல வாழ்வு' நூலின் பின் அட்டையிலிருந்த தேதிச் சீட்டுகளை மட்டும் உரித்து என்னிடம் கொடுத்தார். மூன்று சீட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியபடியே. அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் அந்த நூலை மீண்டும் வாங்கி எங்கள் கிளைக்கு அனுப்பும் நாளில், புதிய படியின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பழைய சீட்டுகளை ஒட்டுவதற்கு அனுமதி தர வேண்டுகிறேன். அதன் கீழே புதிய சீட்டுக்கு இடம் விட்டுத்தான் ஒட்டுவேன்.

இங்ஙனம்,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்